தேறினவர் என்று யாரைச் சொல்வது?

சென்ற மாதம் சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. "அங்கிள், நான் இப்ப எந்த லெவல்ல இருக்கேன்? அடுத்த லெவலுக்குப் போக என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

உண்மையான தவிப்போடுதான் கேட்டார். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்? பன்னிரண்டு வயதில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ, பதினாறில் ஓ-லெவல், அதற்கு நடுவே வாரம் நான்கு நாள் துணைப்பாட வகுப்பு. எதைத் தொட்டாலும் ஒரு மதிப்பெண் இருக்கிறது. நான் படித்தது உயர்நிலைப் பள்ளியில் எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்த காலம். "இவன் தேறமாட்டான்" என்ற பேச்சு காதில் விழாமல் அந்த வயதைத் தாண்டியவர்கள் குறைவு. அன்று அந்தத் தம்பிக்குச் சொன்னதையும், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்ததால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்

கிறிஸ்தவ வாழ்க்கையில் வளர்ந்து பக்குவப்படுவதை நம் சபைகளில் 'ஆவிக்குரிய முதிர்ச்சி' என்கிறோம். புதிய ஏற்பாட்டில் இதற்கு வரும் கிரேக்கச் சொல் 'தெலெயோஸ்'. எதற்காக உண்டாக்கப்பட்டதோ அந்த நிலையை எட்டியது என்பது அதன் பொருள். குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வளர்ந்த மனிதர் தெலெயோஸ். நாம் வீட்டில் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமம் 1871-ல் முழுமையாக வெளிவந்தது. அதைத் தந்தவர்கள் இந்த ஒரே சொல்லுக்கு இடத்துக்கு ஏற்ப வேறு வேறு தமிழ் போட்டிருக்கிறார்கள். மத்தேயு 5:48-ல் 'பூரண சற்குணர்', எபேசியர் 4:13-ல் 'பூரண புருஷர்', எபிரெயர் 5:14-ல் 'பூரண வயதுள்ளவர்கள்'. அப்போஸ்தலனாகிய பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபங்களில் வேறு சில இடங்களில் (1 கொரிந்தியர் 14:20, பிலிப்பியர் 3:15, கொலோசெயர் 1:28) 'தேறினவர்', 'தேறினவன்'.

எனக்கு இந்தக் கடைசிச் சொல்தான் மிகவும் பிடிக்கும். தமிழில் 'தேறு' என்ற சொல்லை நாம் எங்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். தேர்வில் தேறினான் என்கிறோம். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவர் கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்தால், இப்போது கொஞ்சம் தேறிவிட்டார் என்கிறோம். கணவனை இழந்தவள் மெல்ல மெல்ல மனம் தேறுகிறாள். கலங்கிய நீர் மண் அடியில் தங்கித் தேறுகிறது. நான்கிலும் சொல் ஒன்றுதான். ஆனால் சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு முதலாவது பொருள்தான் சட்டென்று மனத்தில் நிற்கிறது. பவுல் சொல்கிற வளர்ச்சியோ மற்ற மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நோயிலிருந்து தேறுவதும், துயரத்திலிருந்து தேறுவதும், கலங்கலிலிருந்து தேறுவதும் யாரும் உட்கார்ந்து எழுதி முடிக்கிற பரீட்சை கிடையாது. நேரம் எடுக்கும். வேறொருவருடைய கையும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பரிசுத்த ஆவியானவருக்கு நம் தமிழ் வேதாகமம் வைத்த பெயர் 'தேற்றரவாளன்' (யோவான் 14:16). கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கும் தெலெயோஸ் என்ற சொல்லுக்கும் உறவில்லை. தமிழில் மட்டும் இரண்டும் ஒரே வேரில் வந்து சேர்கின்றன. தேறுகிறவர் நாம், தேற்றுகிறவர் அவர். இதை முதல்முறை கவனித்த அன்று வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறந்தது ஒரு நாள், வளர்வது பல நாள்

புதிதாக வந்தவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். கிறிஸ்துவை விசுவாசித்து மறுபடியும் பிறப்பது ஒன்று; அதற்குப் பிறகு வளர்வது வேறொன்று. பிறந்த குழந்தைக்கு நடக்கத் தெரியாது, பேசத் தெரியாது. அதற்காக யாரும் அதை அந்தக் குடும்பத்தின் பிள்ளை இல்லை என்று சொல்வதில்லை. நீங்கள் வளர்ந்த பிறகு தேவன் உங்களைப் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்வார் என்று நற்செய்தி சொல்லவில்லை. பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார், அதனால் வளருங்கள் என்கிறது. வரிசை மாறினால் எல்லாமே மாறிவிடும். மதிப்பெண்ணைப் பார்த்தபிறகு முகம் மலர்கிற அப்பா என்று தேவனை நினைத்துக்கொண்டால், ஜெபம்கூட வீட்டுப்பாடம்போல ஆகிவிடும்.

இயேசு யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெற்று ஏறியபோது, "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வானத்திலிருந்து உண்டானது. அதுவரை அவர் ஒரு பிரசங்கம் செய்ததாகவோ, ஒரு நோயாளியைக் குணமாக்கியதாகவோ மத்தேயு எழுதவில்லை. பிரியம் முதலில் வந்தது, ஊழியம் பிறகு வந்தது. அந்த இயேசுவே சிறுபிள்ளையாக இருந்தபோது 'ஞானத்திலும் வளர்த்தியிலும்' விருத்தியடைந்தார் என்று லூக்கா 2:52 சொல்கிறது. அவரே வளர்ந்தார் என்றால், நாம் இன்னும் வளரவேண்டியிருக்கிறதே என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வளர்ச்சி எவ்வளவு தூரம் போகும் என்பதில் சபைகள் ஒரே மாதிரி பேசுவதில்லை. தேக்காவிலிருந்து நடந்துபோகிற தூரத்திலேயே இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை, டோர்செட் ரோட்டில் தமிழ் ஆராதனை நடக்கும் ஆங்கிலிக்கன் ஆலயம், ஓஃபிர் ரோட்டில் 1888 முதல் நிற்கும் கத்தோலிக்கரின் லூர்து அன்னை ஆலயம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தேவனையும் பிறனையும் முழு இருதயத்தோடு அன்புகூருகிற பூரணம் இந்த வாழ்நாளிலேயே கிடைக்கக்கூடியது என்று போதித்தார். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தரோ, விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்று சொல்லி, கடைசிவரை நாம் கிருபையை நம்பியே நிற்கவேண்டும் என்பதை அழுத்தினார். கத்தோலிக்கர் ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்களின் வழியாக வளர்கிற புனிதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த வாதத்தைப் புதிதாக வந்தவர் இன்றைக்கே தீர்க்கவேண்டியதில்லை. வளரவேண்டும் என்பதிலும், கிருபை இல்லாமல் வளரமுடியாது என்பதிலும் மூவருக்கும் சண்டை இல்லை.

கொரிந்து பட்டணத்துக் குழந்தைகள்

முதிர்ச்சி என்றால் என்ன என்று புரிய, முதிராதவர்களைப் பற்றி வேதம் சொல்வதைப் பார்ப்பது நல்லது. அதற்குக் கொரிந்து சபையைப்போல உதவுகிற சபை வேறில்லை. நாம் இருக்கும் ஊருக்கும் அந்த ஊருக்கும் நிறைய ஒற்றுமை உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொரிந்து ஒரு துறைமுகப் பட்டணம். ஒடுங்கிய நிலப்பகுதி ஒன்றில் அமைந்திருந்ததால் கிழக்குக் கடலுக்கு ஒன்று, மேற்குக் கடலுக்கு ஒன்று என்று அதற்கு இரண்டு துறைமுகங்கள். கி.மு. 146-ல் ரோமர் அந்த ஊரை அழித்தார்கள். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் அதை மறுபடி குடியேற்றினார். அங்கே வந்தவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். பரம்பரைப் பெருமை இல்லாத, உழைத்தால் மேலே வரலாம் என்ற நம்பிக்கையோடு பல திசைகளிலிருந்து வந்தவர்களின் ஊர். கப்பல், வியாபாரம், பணம், முன்னேற்றம். யார் யாருக்கு மேலே என்ற கணக்கு ஓயாத ஊர். கேட்கும்போது நமக்கு அந்நியமாக இல்லை அல்லவா?

பவுல் அங்கே ஒன்றரை வருடம் தங்கிச் சபையை ஏற்படுத்தினார். பிறகு அவர் எழுதிய முதல் நிருபத்தின் தொடக்கத்திலேயே, உங்களுக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்று பாராட்டுகிறார். உண்மையாகவே சொல்கிறார். அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள், அறிவிலும் பேச்சிலும் தேறியிருந்தார்கள். இரண்டு அதிகாரம் தாண்டியதும் அதே ஆட்களைக் 'கிறிஸ்துவுக்குள் குழந்தைகள்' என்கிறார். உங்களுக்குச் சோறு ஆகாது என்று பாலைத்தான் குடிக்கக் கொடுத்தேன் என்கிறார்.

வரங்கள் அத்தனையும் இருந்தும் ஏன் குழந்தைகள்? காரணத்தை அவரே அடுக்குகிறார். அவர்களுக்குள் பொறாமையும் வாக்குவாதமும் இருந்தன. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டினார்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்தபோது, வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இந்தப் பட்டியலில் வேத அறிவுக் குறைவு என்று ஒன்றுகூட இல்லை. ஜெபம் போதவில்லை என்றும் அவர் சொல்லவில்லை. எல்லாமே பக்கத்தில் இருக்கும் மனிதரை நடத்திய விதம்.

இங்கேதான் எனக்கு மனம் வலிக்கிறது. நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாப்பாடு உண்டு. துவாஸ் பக்கத்துத் தங்கும் விடுதிகளிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து வரும் ஊழியர் தம்பிகள் ஒரு மேசையில் உட்காருவார்கள். இங்கேயே பிறந்த நாங்கள் வேறொரு மேசையில் உட்காருவோம். மென்பொருள் வேலைக்காக வந்து குடியேறிய குடும்பங்கள் மூன்றாவது மேசை. யாரும் அப்படி உட்காருங்கள் என்று சொல்லவில்லை. யாரும் மாற்றவும் இல்லை. அரை மணி நேரம் முன்புதான் கண்ணீரோடு ஒரே பாட்டைப் பாடியிருப்போம். பல வருடம் கழித்துத்தான் 1 கொரிந்தியர் 11-ஐ வாசிக்கும்போது அந்த மேசைகள் கண்முன்னே வந்தன. நானும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவன்தான்.

ஆகவே முதிர்ச்சியை அளக்க வரங்களைப் பார்க்காதீர்கள். மேடையில் நன்றாகப் பேசுகிறவர், ஜெபித்தால் அதிசயம் நடக்கிறவர், சபைக்கு வந்து முப்பது வருடம் ஆனவர், மூப்பர், செயலாளர் இவர்கள் எல்லோரும் தேறினவர்களாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வரம் ஒரே நாளில் கொடுக்கப்படுவது. கனி அப்படி வராது. கலாத்தியர் 5:22-23-ல் ஆவியின் கனி என்று பவுல் சொல்வதை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஒன்பதும் சேர்ந்து ஒரே கனி; 'கனிகள்' என்று அவர் பன்மையில் எழுதவில்லை. இதில் முக்கால்வாசிக்கு எதிரே இன்னொரு மனிதர் இருந்தே ஆகவேண்டும். தனியாக அறையில் உட்கார்ந்து நீடிய பொறுமை பழக முடியாது.

திருமணங்களில் நாம் வாசிக்கும் அன்பின் அதிகாரம், 1 கொரிந்தியர் 13, இந்தச் சண்டைக்காரச் சபைக்கு எழுதப்பட்டதுதான். வரங்களைப் பற்றிப் பேசும் 12-ஆம் அதிகாரத்துக்கும் 14-ஆம் அதிகாரத்துக்கும் நடுவே அதை வைத்திருக்கிறார். அதற்குள்ளேதான், குழந்தையாக இருந்தபோது குழந்தையைப்போலப் பேசினேன், புருஷனானபோதோ குழந்தைக்கேற்றவைகளை ஒழித்துவிட்டேன் என்கிற வசனமும் வருகிறது. பவுலுக்கு அன்பும் வளர்ச்சியும் ஒரே பேச்சு.

பாலும் சோறும்

எபிரெயர் 5:14 தேறினவர்களுக்கு இன்னொரு அடையாளம் சொல்கிறது. நன்மை எது, தீமை எது என்று பகுத்தறியும்படி 'முயற்சியினால் பழகின ஞானேந்திரியங்கள்' அவர்களுக்கு இருக்குமாம். கடினமான வார்த்தை, விஷயம் எளியது. சமைத்துப் பழகிய அம்மாக்களைப் பாருங்கள். ரசம் கொதிக்கும் மணத்திலேயே உப்பு குறைவென்று சொல்லிவிடுவார்கள். யாரும் அவர்களுக்கு அளவுக் கரண்டி கொடுத்துச் சொல்லித்தரவில்லை. நாள்தோறும் அடுப்படியில் நின்று நாக்கும் மூக்கும் பழகிவிட்டன.

இன்று நமக்கு இந்தப் பழக்கம் மிக அவசியம். காலையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் மூன்று தீர்க்கதரிசனம் வந்திருக்கிறது. இந்த மாதம் உங்களுக்கு இரட்டிப்பான ஆசீர்வாதம், இவ்வளவு வெள்ளி விதைத்தால் இவ்வளவு அறுப்பீர்கள், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தடைபடும். புதிதாக வந்தவர் ஒவ்வொன்றுக்கும் ஆடிப்போகிறார். எபேசியர் 4:14, இனிக் குழந்தைகளாக இராமல், பலவிதக் காற்றினால் அலைகளைப்போல அடிபட்டு அலையாமல் இருக்கும்படி சொல்வது இதைத்தான். தேறினவர் இதைப் பார்த்ததும் கோபப்படுவதும் இல்லை, பயப்படுவதும் இல்லை. இது சுவிசேஷத்தில் நான் பார்த்த இயேசுவின் பேச்சைப்போல இருக்கிறதா என்று கேட்பார். பிறகு பிடித்துக்கொள்வார், அல்லது விட்டுவிடுவார். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது அதுவே. அப்படிச் சோதிப்பதற்கு இயேசுவின் பேச்சு நமக்கு முதலில் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா? அதற்காகத்தான் சுவிசேஷங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறோம்.

தேற்றாங்கொட்டை

சரி, எப்படி வளர்வது? இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சொல்வது என் பாட்டி வைத்திருந்த தேற்றாங்கொட்டைக் கதை. ஊரில் ஆற்று வெள்ளம் வந்து கிணறு கலங்கினால், மண்பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து, அதில் தண்ணீரை ஊற்றி வைப்பார்களாம். நீரில் மிதக்கும் மண்தூள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் தங்கிவிடும். விடிந்து பார்த்தால் மேலே தெளிந்த நீர். குழாயைத் திறந்தாலே நல்ல தண்ணீர் வரும் இந்த ஊரில் பிறந்த நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பாட்டி சொல்லக் கேட்டதுதான். ஆனால் ஆவிக்குரிய வளர்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது.

கலங்கிய நீர் தானே தன்னைத் தெளியவைக்க முடியாது. வெளியிலிருந்து ஒன்று அதற்குள் வரவேண்டும். அது தேற்றரவாளனுடைய வேலை. நம்முடைய பங்கு என்ன? பானையை ஆட்டாமல் வைத்திருப்பது. ஜெபம், வேதவாசிப்பு, ஆராதனை, திருவிருந்து, உபவாசம் எல்லாம் அந்த வேலைக்கு இடம் கொடுக்கிற வழிகள். அவை மதிப்பெண் சேர்க்கிற பாடங்கள் கிடையாது. ஒரு நாள் வாசிக்கத் தவறினால் ஒரு மதிப்பெண் குறைந்துவிட்டதாக நினைத்துத் தவிக்கவேண்டாம். அடுத்த நாள் மறுபடி உட்காருங்கள். ஆனால் பானை ஆடிக்கொண்டே இருந்தால் தெளியாது என்பதும் உண்மைதான். வேலை, கூடுதல் வேலை, பிள்ளைகளின் வகுப்பு, சனிக்கிழமை சபைக் கூட்டம், ஞாயிறு மூன்று ஊழியம் என்று சபை வேலையாலேயே ஓய்வில்லாமல் கலங்கிப்போன விசுவாசிகளை நான் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்தவருக்கு என் தாழ்மையான ஆலோசனை: முதல் வருடம் எந்தப் பொறுப்பையும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஒரு நாளில் பதினைந்து நிமிடம் யாரும் தொடாத நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தனியாக வளர முயலாதீர்கள். இதற்கு வெஸ்லியின் காலத்துச் சம்பவம் ஒன்று உண்டு. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பட்டணத்தில் கூடுகைக் கட்டடத்தின் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு என்று ஏற்பாடு செய்தார்கள். பொறுப்பேற்றவர்கள் வாராவாரம் வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் காசை மட்டும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் பசி. இதைக் கேட்ட வெஸ்லி, நாம் நெடுநாளாகத் தேடியது இதுதான் என்று பிடித்துக்கொண்டார். கடன் வசூல், 'உன் ஆத்துமா எப்படி இருக்கிறது' என்று வாரந்தோறும் ஒருவரை ஒருவர் விசாரிக்கிற சிறு குழுவாக மாறிவிட்டது. 1885-ல் மெதடிஸ்டுகள் சிங்கப்பூருக்கு வந்தபோது இந்த மரபும் அவர்களோடு வந்தது. இன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் வரவேற்பறையில், காலணிகளை வாசலில் குவித்துவிட்டுப் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்து நடத்தும் ஜெபக்கூட்டங்களுக்கு அந்த மரபில் ஒரு பங்கு உண்டு. அங்கே போங்கள். பாட்டும் செய்தியும் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உங்களை உண்மையாக விசாரிக்கிற இரண்டு பேர் இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

விழுந்தவர் தேறமாட்டாரா?

வளர்ச்சி ஏணிப்படிபோல மேலே மேலே போகும் என்று நினைப்பவர்களுக்குப் பேதுருவைத்தான் காட்டவேண்டும். இயேசுவை மூன்று தரம் மறுதலித்தார், மனங்கசந்து அழுதார், பிறகு கடற்கரையில் மறுபடி அழைக்கப்பட்டார் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அதற்குப் பின்பு நடந்தது. பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பல வருடம் கழித்து, சபையின் தூண் என்று மதிக்கப்பட்ட காலத்தில், அந்தியோகியாவில் பேதுரு மறுபடி சறுக்கினார். யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். மறுபடியும் சாப்பாட்டு மேசைதான். எல்லோருக்கும் முன்பாகப் பவுல் அவரை 'முகமுகமாய்' எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-ல் இருக்கிறது.

அதற்குப் பிறகு பேதுரு என்ன ஆனார்? அவருடைய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்துக்குப் போங்கள். 'நமக்குப் பிரியமான சகோதரனாகிய பவுல்' என்று எழுதியிருக்கிறார். ஊரார் முன்னால் தன்னைக் கண்டித்தவரைப் பிரியமான சகோதரன் என்கிறார். இரண்டு மூன்று வசனம் தாண்டியதும் இயேசு கிறிஸ்துவின் கிருபையிலும் அவரை அறிகிற அறிவிலும் வளருங்கள் என்று அந்த நிருபம் முடிகிறது. வளருங்கள் என்று சொல்ல அந்த மனிதருக்குத் தகுதி எங்கிருந்து வந்தது என்பது இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரியும்.

எங்கள் சபையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். ஒரு ஞாயிறு ஆராதனையில் குழந்தை அழுதுகொண்டே இருந்ததற்காக, ஒரு இளம் தாயைக் கடிந்து பேசிவிட்டார். அந்தப் பெண் கண் கலங்கி வெளியே போய்விட்டாள். அடுத்த ஞாயிறு பாட்டி ஒரு டப்பாவில் அதிரசத்தோடு வந்து, எல்லோரும் நிற்கும்போதே அவள் கையைப் பிடித்து, "நான் பேசுனது தப்பும்மா, மன்னிச்சுக்கோ" என்றார். தோ பாயோவில் பத்து வருடம் படுக்கையில் கிடந்த கணவருக்குச் சோறூட்டி, துடைத்து, ஜெபித்து அனுப்பிவைத்த பெண்மணி அவர். பெரிய பிரசங்கம் எதுவும் செய்ததில்லை. தேறினவர் என்றால் எப்படி இருப்பார் என்று கேட்டால் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

யோவான் தன் முதல் நிருபத்தில் (2:12-14) பிள்ளைகள், வாலிபர், பிதாக்கள் என்று மூன்று பருவத்தாருக்கு எழுதுகிறார். பிள்ளைகளுக்கு: உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டன. வாலிபருக்கு: பொல்லாங்கனை ஜெயித்தீர்கள். பிதாக்களுக்கு: ஆதிமுதல் இருக்கிறவரை அறிந்திருக்கிறீர்கள். இரண்டாம் சுற்றில் மற்றவர்களுக்குச் சொல்வது கொஞ்சம் மாறுகிறது. பிதாக்களுக்கோ முன்பு எழுதியதையே வார்த்தை மாறாமல் எழுதுகிறார். அவரை அறிந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு மேலே சேர்த்துச் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். சில மாதங்களில் உங்களுக்கு ஜெபம் வறண்டுபோகும். ஆரம்பத்தில் இருந்த சந்தோஷம் எங்கே போனது என்று தேடுவீர்கள். அது பின்வாங்குதல் என்று யாராவது பயமுறுத்தினால் சங்கீதம் 13-ஐத் திறந்து பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீதே கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியையே ஜெபமாக ஜெபியுங்கள். காய்ச்சலிலிருந்து தேறுகிறவருக்குப் பசி திரும்பச் சில நாள் ஆகும். அந்த நாட்களிலும் உடம்பு உள்ளே தேறிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தத் தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். அவர் தினமும் பொங்கோலில் ரயில் ஏறுகிறார். பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் நான்கே அதிகாரம். லிட்டில் இந்தியா வருவதற்குள் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடலாம். மூன்றாம் அதிகாரம் 12-ஆம் வசனத்தில் பவுல் தன்னைப் பற்றி, 'முற்றும் தேறினவனானேன்' என்று நான் எண்ணவில்லை என்கிறார். மூன்று வசனம் தாண்டி 15-ல், 'நம்மில் தேறினவர்கள் யாவரும்' இதே சிந்தையாயிருக்கக்கடவோம் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது என்ன தோன்றியது என்று சொல்லுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.